இன்ஸ்டாலர் கேட்கும் அந்த ஒரு கேள்வி: அப்டேட்டைத் தானாக விடலாமா, நாமே போடலாமா?

டெபியன் என்ற லினக்ஸை, எல்லாக் கேள்வியையும் கேட்கும் எக்ஸ்பர்ட் வழியில் இன்ஸ்டால் செய்கிறவர்களுக்குத் தெரியும், முக்கால் கிணறு தாண்டியதும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: இந்த சிஸ்டத்தில் அப்டேட்களை எப்படிக் கவனிப்பது? பதில் இரண்டுதான். ஒன்று, தானாக எதுவும் வேண்டாம். இன்னொன்று, பாதுகாப்பு அப்டேட்களைத் தானாகப் போட்டுக்கொள். டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவின் பழைய சர்வர் இன்ஸ்டாலரும் இதையேதான் கேட்டது, கூடவே லேண்ட்ஸ்கேப் என்று மூன்றாவதாக ஒன்றையும் காட்டியது. அது ஏகப்பட்ட சர்வர்களை ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் ஆபீஸ்களுக்கானது, நமக்குச் சம்பந்தமில்லை, விட்டுவிடலாம். அந்தக் கேள்வி வருவதற்குள் பார்ட்டிஷன், பாஸ்வேர்டு, டைம்சோன் என்று பத்துப் பதினைந்து திரை பார்த்து அலுத்திருப்போம். எந்த வரி ஏற்கெனவே தேர்வாகி இருக்கிறதோ அதன் மேலேயே என்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நானும் பல வருஷம் அப்படித் தட்டியவன்தான்.

நான் இருப்பது கோத்தகிரியில். கடை என்று தனியாக இல்லை, யாராவது கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு போய் சிஸ்டம் பார்த்துவிட்டு வருவேன். கோயம்புத்தூரில் இருக்கிறவர்கள் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் இங்கே அப்படியே செல்லாது. அங்கே ஃபைபர் இருக்கும், கரண்ட் போனாலும் சீக்கிரம் வந்துவிடும், ஏதாவது கோளாறென்றால் அரை மணியில் ஆள் வந்து நிற்பான். இங்கே ஐப்பசி கார்த்திகையில் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் போதும், கரண்ட், கேபிள், ரோடு மூன்றும் சேர்ந்தே போகும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கமென்றால் ஆடியிலேயே ஆரம்பித்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி ஒரு வாரத்தில், பாதி அப்டேட்டில் நின்றுபோன சிஸ்டத்தைத் தூக்கி நிறுத்த யார் மலை ஏறி வருவது?

அதனால் பொத்தாம் பொதுவாக எது நல்லது என்று சொல்லாமல், நான் கையால் தொட்ட மூன்று இடங்களை வைத்தே சொல்கிறேன். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், யாரோ கொடுத்த 12 பழைய டெஸ்க்டாப், எல்லாவற்றிலும் டெபியன். ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை எடை போடும் இடத்தில் ஒரு விண்டோஸ் சிஸ்டம், பக்கத்தில் கரகரவென்று கத்தும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். மூன்றாவது, ஒரு ஹோம்ஸ்டேயில் வரவேற்பு மேசை மேல் ஒரு உபுண்டு லேப்டாப், நாள் முழுக்க வைஃபையில் கிடக்கும், புக்கிங் பார்ப்பது, வருகிற விருந்தாளிகளின் இ-பாஸ் பார்ப்பது, பில் அடிப்பது எல்லாம் அதில்தான்.

முதலில் 'வேண்டாம்' என்ற பதில். இதைக் கேலி செய்கிறவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், நான் சிஸ்டம் முன்னால் உட்கார்ந்தாலே பின்னால் வந்து நின்றுகொள்வார். “தம்பி, நல்லா ஓடுதுல்ல? சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டின்னு ஆயிடக் கூடாது” என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாயங்காலம் இலை வண்டி வரிசையாக வந்து நிற்கும்போது அந்த ஒரு சிஸ்டம் பத்து நிமிஷம் ரீஸ்டார்ட் ஆனால், சின்ன விவசாயிகள் மூட்டையோடு வெளியே நிற்க வேண்டும், நிற்க நிற்க இலை சூடேறும், தரம் போகும். எடை மெஷினிலிருந்து எண்ணை வாங்கும் சாஃப்ட்வேர் எந்தக் காலத்திலோ எழுதியது, எழுதினவர் இப்போது போனை எடுப்பதில்லை. அங்கே தானாக மாறுகிற எதுவுமே பயம்தான்.

ஆனால் 'வேண்டாம்' என்பதை நிறையப் பேர் 'அப்டேட்டே வேண்டாம்' என்று படித்துக்கொள்கிறார்கள். அந்தத் திரை சொல்வது 'தானாக வேண்டாம், நான் வந்து போட்டுக்கொள்கிறேன்' என்று. அதாவது நாம் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 இருக்கிறது. விண்டோஸில் இருந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. அந்த ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் கிளம்பியது மே 12 அன்று. நடுவில் முழுசாக இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று விட்ட சிஸ்டங்கள்தான் கொத்தாக மாட்டின, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையே இருக்கவில்லை, ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது.

ஃபேக்டரி சிஸ்டம் நெட்டில் இல்லையே என்று கேட்கலாம். நெட்டில் இல்லைதான். ஆனால் ஜிஎஸ்டி கணக்குக்காக ஒரு பென்டிரைவ் அதிலும் ஆடிட்டர் ஆபீஸிலும் மாறி மாறிப் போய் வருகிறது. ஈரக் காலோடு உள்ளே வருகிற மாதிரிதான் அது, கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம். போதாக்குறைக்கு அது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால்தான் மேற்கொண்டு பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அதனால் அங்கே நானும் பெரியவரும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தானாக எதுவும் வேண்டாம். ஆனால் உறைபனி விழுந்து இலை வரத்துக் குறையும் ஜனவரி, பிப்ரவரியில் நான் ஒரு நாள் வந்து, முதலில் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, பிறகு நிதானமாக அப்டேட்களைப் போட்டு, எடை மெஷினையும் பிரின்டரையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவது. நடுவில் இன்னும் இரண்டு தடவை, இலை குறைந்த ஏதாவது ஒரு நாளில். இந்த ஏற்பாடு ஓடுவதற்குக் காரணம், பெரியவர் நான் வராவிட்டால் போன் போட்டுத் திட்டுவார். திட்ட ஆள் இல்லாத இடத்தில் 'வேண்டாம்' என்ற பதிலை நான் இனிமேல் கொடுக்கப் போவதில்லை.

இப்போது இரண்டாவது பதில், பாதுகாப்பு அப்டேட்களைத் தானாகப் போடுவது. டெபியனிலும் உபுண்டுவிலும் இந்த வேலையைச் செய்வது அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற ஒரு சின்ன பேக்கேஜ் (மென்பொருள் மூட்டை). உபுண்டு டெஸ்க்டாப்பில் 16.04 முதல் அதுவே வழக்கமாக ஓடுகிறது, கேள்வியெல்லாம் கிடையாது. இதைப் பற்றிப் பரவலாக இருக்கும் பயம், காலையில் எழுந்து பார்த்தால் மெனு எல்லாம் இடம் மாறியிருக்கும் என்பது. அப்படி ஆகாது. டெபியன் ஸ்டேபிளில், அதாவது சோதித்து முடித்த நிலையான பதிப்பில், பாதுகாப்பு அப்டேட் என்றால் பெரும்பாலும் அதே பழைய வெர்ஷனில் ஓட்டையை மட்டும் தைத்துத் தருவார்கள், சட்டை அதே சட்டைதான். பிரவுசர் மாதிரி ஒன்றிரண்டு மட்டும் விதிவிலக்கு.

இதற்கு எதிராகவும் ஒரு சம்பவம் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். 2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வரவேண்டியது. புது கர்னலில், அதாவது சிஸ்டத்தின் உள்மையத்தில், எக்ஸ்ட்4 என்ற, டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையில் டேட்டாவைக் கெடுக்கும் ஒரு கோளாறு இருப்பது கடைசி நேரத்தில் தெரிந்து வெளியீட்டை நிறுத்தினார்கள். இப்போதைக்கு யாரும் அப்கிரேட் செய்யாதீர்கள், குறிப்பாக அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் வைத்திருப்பவர்கள் கவனம் என்று அவர்களே அறிவித்தார்கள். மறுநாளே 12.4 வந்துவிட்டது. பாதுகாப்பு மட்டும்தானே தானாக வரும், கர்னல் எப்படி வந்தது என்று நான் அப்போதுதான் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து ஒழுங்காகப் படித்தேன். இன்ஸ்டாலர் 'பாதுகாப்பு' என்று சொன்னாலும், டெபியனில் அந்த ஃபைல் வழக்கமாக ஸ்டேபிளின் முக்கியக் களஞ்சியத்தையும் (பேக்கேஜ்கள் இறங்கும் இடம்) சேர்த்தே அனுமதிக்கிறது, அதனால் 12.3, 12.4 மாதிரி பாயின்ட் ரிலீஸ் பேக்கேஜ்களும் வந்துவிடும். வேண்டாமென்றால் அந்த ஒரு வரிக்கு முன்னால் இரண்டு சாய்வுக்கோடு போட்டுவிட வேண்டியதுதான். நான் போடவில்லை. ஒரு வார இறுதிச் சிக்கலுக்குப் பயந்து வருஷம் முழுக்கத் திறந்து போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே மாதிரி 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்த, ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியின் விவகாரம். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்பவர் தன் மெஷினில் எஸ்எஸ்ஹெச் லாகின் (தூரத்திலிருந்து சிஸ்டத்துக்குள் நுழையும் வழி) அரை வினாடி தாமதமாவதைத் துருவிப் பார்த்துக் கண்டுபிடித்த பின்கதவு அது. 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் இருந்தது. டெபியன் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்ற சோதனைப் பதிப்புகளை வைத்திருந்தவர்களுக்கு அது வந்து சேர்ந்திருந்தது. ஸ்டேபிளில் இருந்தவர்களுக்கு வரவே இல்லை. 'புதுசு எல்லாம் உடனே வேண்டும்' என்பதும் 'பாதுகாப்பு உடனே வேண்டும்' என்பதும் ஒன்றல்ல என்று யாருக்காவது விளக்க வேண்டியிருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். உபுண்டு சர்வரின் இப்போதைய தானியங்கி இன்ஸ்டால் ஃபைலில்கூட, 'பாதுகாப்பு' அல்லது 'எல்லாம்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, வழக்கமான மதிப்பு பாதுகாப்புதான். 'எல்லாம்' என்பதை இந்த மலையில் எந்த சிஸ்டத்துக்கும் நான் கொடுக்கப் போவதில்லை, அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லவும் ஒன்றுமில்லை.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அங்கேதான் நான் நன்றாகப் பாடம் படித்தேன்.

12 சிஸ்டம். நெட் என்பது டீச்சரின் போன் ஹாட்ஸ்பாட், ஒரு நாளைக்கு 2 ஜிபி. ஒரு சிஸ்டத்துக்கு 250 எம்பி அப்டேட் என்று வைத்துக்கொண்டாலே 12 சிஸ்டத்துக்கு 3 ஜிபி, மதியத்துக்குள் பேக் தீர்ந்து டீச்சரின் வாட்ஸ்அப்பே நின்றுவிடும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: ஆப்ட்-கேச்சர்-என்ஜி. ஏதாவது ஒரு சிஸ்டத்தில் இதைப் போட்டுவிட்டால், முதல் சிஸ்டம் கேட்கும் பேக்கேஜை வெளியிலிருந்து இறக்கித் தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும், மீதி 11 சிஸ்டமும் அதே பேக்கேஜைக் கேட்கும்போது கையிலிருந்து கொடுத்துவிடும். 3 ஜிபி 250 எம்பியாகிவிடும். டெபியன் இன்ஸ்டாலரிலேயே, அப்டேட் கேள்விக்கு முன்னால், ஹெச்டிடிபி ப்ராக்ஸி (நடுவில் நின்று நெட்டிலிருந்து வாங்கித் தரும் சிஸ்டம்) இருக்கிறதா என்று ஒரு திரை கேட்கும். எல்லாரும் காலியாக விட்டு என்டர் தட்டும் திரை அது. அதில் கேச்சர் ஓடும் சிஸ்டத்தின் முகவரியையும் 3142 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் இன்ஸ்டாலே பறக்கும்.

நான் கேச்சரை என் லேப்டாப்பில் ஓட்டினேன். இரண்டு நாளில் 12 சிஸ்டமும் தயார். ஒவ்வொன்றிலும் மறக்காமல் 'பாதுகாப்பு அப்டேட்களைத் தானாக' என்று தேர்ந்தெடுத்தேன், டீச்சரிடமும் “இனிமே நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் டீச்சர், அதுவே பாத்துக்கும்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து வேறு ஏதோ வேலையாகப் போனபோது சும்மா லாகை, அதாவது அப்டேட் வேலை தினமும் எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அதே வரி, தானாக அப்கிரேட் செய்ய பேக்கேஜ் எதுவும் இல்லை என்று. முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, நான்கு மாதத்தில் டெபியனில் ஒரு பாதுகாப்பு அப்டேட்கூட வராமலா இருக்கும்? கையால் ஆப்ட் அப்டேட் (பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தேன். திரை அப்படியே நின்றது. அது போய்த் தட்டிக்கொண்டிருந்தது கோத்தகிரியில் என் மேசை மேல் இருக்கும் லேப்டாப்பின் பழைய முகவரியை. இன்ஸ்டாலரில் கொடுத்த ப்ராக்ஸி இன்ஸ்டாலோடு போய்விடாது, சிஸ்டத்தின் ஆப்ட் கான்ஃபிக்கில் ஒரு வரியாக நிரந்தரமாக எழுதி வைத்துவிடும். பேக்கேஜ் பட்டியலே இறங்காததால், கையிலிருந்த நான்கு மாதப் பழைய பட்டியலைப் பார்த்து, புதுசு ஒன்றும் இல்லை, எல்லாம் சுபம் என்று தினமும் எழுதிவைத்திருக்கிறது. 12 சிஸ்டமும். 'தானாக' என்று தேர்ந்தெடுத்தவன் நான், ஊற்றை அடைத்துவிட்டுப் போனவனும் நான்.

கையால் போடுகிறவனுக்கு இந்த ஆபத்து இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் போடாவிட்டால் போடவில்லை என்று அவனுக்கே தெரியும். தானாக விட்டவனுக்கு அது நின்றுபோனது தெரியாது. இரண்டு பதிலையும் ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் உடைவது, ரீஸ்டார்ட், டேட்டா செலவு என்றெல்லாம் எழுதுகிறார்கள், நான் பார்த்தவரை இந்தச் சத்தமில்லாத நிற்றலை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. இன்னொரு விதமாகவும் அது நிற்கும்: போன் ஹாட்ஸ்பாட்டில் நேராக இணைந்திருக்கும் சிஸ்டத்தில், இது அளந்து செலவு செய்ய வேண்டிய இணைப்பு என்று நெட் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் ஊகித்துக்கொள்ளும்; அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் அப்படிப்பட்ட இணைப்பில் வழக்கமாக வேலை செய்யாது. போன் நெட் மட்டுமே உள்ள வீட்டில் 'தானாக' என்று தேர்ந்தெடுத்தால் பல சமயம் அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்று அர்த்தம். நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடுதான், ஆனால் இங்கே பாதி வீட்டில் நெட் என்றாலே போன்தான்.

பள்ளியில் இப்போது கேச்சர் டீச்சரின் மேசை சிஸ்டத்திலேயே இருக்கிறது, நகராது. அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை, அடுத்தது நேரம். டெபியனில் இந்த அப்டேட் வேலை காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரத்தில் தொடங்கும்படி வைத்திருக்கிறார்கள். காலை 6 மணிக்குப் பள்ளியில் காட்டெருமைகூட இருக்காது. தவறவிட்ட வேலையை சிஸ்டம் ஆன் ஆன ஒரு மணி நேரத்துக்குள் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஒன்பதரைக்குப் பிள்ளைகள் வந்து 12 சிஸ்டத்தையும் ஆன் செய்ததும் 12 பழைய ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றன்பின் ஒன்றாக உறும ஆரம்பிக்கும், வகுப்பு நடுவில் இருபது நிமிஷம் மவுஸ் நகராது. டைமரை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி வைத்தேன், இப்போது சத்துணவு முடிவதற்குள் இதுவும் முடிந்துவிடுகிறது.

அணைக்கும்போது அப்டேட் போடச் சொல்லும் வசதியும் அதே கான்ஃபிக்கில் உண்டு. நகரத்து ஆபீஸுக்கு அது அழகான யோசனை. இங்கே சாயங்காலம் மணி அடித்ததும் கடைசியாகக் கிளம்புகிறவர் லேபின் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார். இடி மின்னல் பயம், ஈரச் சுவரில் ஷாக் பயம், அவர்கள் மேல் தப்பு சொல்லவே முடியாது. பேக்கேஜ் பாதி பிரிந்து கிடக்கும்போது கரண்ட் போனால் மறுநாள் ஆப்ட் எதற்குமே அசையாது, டிபிகேஜி (பேக்கேஜைப் பிரித்துப் போடும் நிரல்) பாதியில் நின்றுவிட்டது, கையால் கான்ஃபிகர் கட்டளையைக் கொடு என்று கேட்கும். ஒரு வரிதான், ஆனால் அந்த ஒரு வரியை ரூட்டாக (நிர்வாகியாக) அடிக்க அங்கே ஆள் வேண்டும். அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் இதற்காகவே எல்லாவற்றையும் மொத்தமாகப் போடாமல் சின்னச் சின்னத் துண்டாகப் போடுகிறது, முறையாக ஷட்டவுன் செய்தால் ஒரு துண்டு முடிந்ததும் நின்றுகொள்ளும். மெயின் சுவிட்சுக்கு அந்த மரியாதை கிடையாது.

கரண்ட் பற்றி இன்னொன்று. பேட்டரியில் ஓடும்போது அப்டேட் வேண்டாம் என்ற விதியும் வழக்கமாகவே அதில் இருக்கிறது, லேப்டாப்பில் ஒழுங்காக வேலை செய்யும். டெஸ்க்டாப்பும் யுபிஎஸ்ஸும் என்றால் கதை வேறு. கடையில் வாங்கி வைத்த சாதாரண யுபிஎஸ், சிஸ்டத்தோடு எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லாதது, கரண்ட் போன பிறகும் டெஸ்க்டாப் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு நிம்மதியாக கர்னலை இறக்கிக்கொண்டிருக்கும், யுபிஎஸ் எட்டாவது நிமிஷத்தில் கையை விரிக்கும். மழைக்காலத்தில் பழைய பேட்டரி எட்டு நிமிஷம்கூடத் தாங்குவதில்லை.

ஹோம்ஸ்டே லேப்டாப்பில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. ஃபைபர் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அதே வைஃபையில் இணைகிறார்கள். அங்கே 'தானாக' என்பதைத் தவிர வேறு பதிலே இல்லை, யோசிக்கக்கூட வேண்டாம். யோசிக்க வேண்டியது ரீஸ்டார்ட்டைத்தான். கர்னல் அப்டேட் இறங்கிவிட்டாலும் ரீஸ்டார்ட் செய்யும்வரை பழைய கர்னல்தான் ஓடும், தானாக ரீஸ்டார்ட் ஆவது வழக்கமாக அணைத்தே வைத்திருக்கும். அந்த லேப்டாப்பை யாரும் அணைப்பதே இல்லை, மூடி வைப்பார்கள், திறப்பார்கள், அவ்வளவுதான். சீசனில் ஏப்ரலில் ஆன் செய்தது ஜூனில்தான் அணையும். அதனால் இரவு 2 மணிக்கு, தேவைப்பட்டால் தானாக ரீஸ்டார்ட் ஆகட்டும் என்று அங்கே மட்டும் திறந்துவிட்டேன், இரவில் மூடியைத் திறந்தே வைத்து சார்ஜரில் போடச் சொல்லியிருக்கிறேன். பள்ளியில் அது தேவையில்லை, மெயின் சுவிட்சே தினமும் அந்தச் சேவையைச் செய்கிறது.

இன்னொரு விஷயம், இன்ஸ்டாலரில் நாம் சொன்ன பதில் எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறது என்று நினைத்துவிடக் கூடாது. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஸ்னாப் என்ற தனி வகைப் பேக்கேஜாக வருகிறது, ஸ்னாப் தன் பாட்டுக்கு ஒரு நாளைக்கு நான்கு தடவை புதுசு இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளும், 'வேண்டாம்' என்று நாம் சொன்னது அதன் காதில் விழாது, நிறுத்த வேண்டுமென்றால் தனியாக ஹோல்ட் கொடுக்க வேண்டும். அப்படியே தலைகீழாக, குரோமை அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து போட்டிருந்தால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் வழக்கமான அமைப்பில் அதைத் தொடாது, அது அனுமதித்த பட்டியலில் குரோம் இல்லை. நாள் முழுக்க வெளியுலகத்தோடு பேசும் பிரவுசர் பழசாகவே கிடக்கும், யாரும் திறந்தே பார்க்காத லைப்ரரிகள் எல்லாம் புத்தம் புதுசாக மின்னும். ஹோம்ஸ்டேயில் இது நடந்தது, கான்ஃபிக்கில் ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று.

நடுவழி ஒன்று கேட்பார்கள்: இறக்கி மட்டும் வைக்கட்டும், நான் பார்த்துப் போடுகிறேன் என்று. உபுண்டு டெஸ்க்டாப்பில் இன்ஸ்டால் முடிந்த பிறகு இப்படி வைக்கலாம்: காட்டு, இறக்கி வை, இறக்கிப் போட்டுவிடு என்று மூன்று படி. காகிதத்தில் அழகு. நிஜத்தில், 'அப்டேட் தயாராக இருக்கிறது' என்ற பெட்டியை மூடுவதற்கு எல்லாருக்கும் விரல் பழகிவிடும். என் சொந்த சிஸ்டத்தில் மட்டும் இப்படி வைத்திருக்கிறேன், அதுவும் எனக்கு இதில் ஆசை இருப்பதால்.

விண்டோஸ் ஹோமில் இந்த விவாதமே கிடையாது. அங்கே 'வேண்டாம்' என்ற பதிலை வைக்கவே இல்லை, 'பிறகு' என்பதுதான் உண்டு, 5 வாரம் வரை தள்ளலாம். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மூட்டையாக வரும், இந்திய நேரத்துக்கு இரவாகிவிடும், புதன்கிழமை காலையில்தான் ஜனங்கள் என்னைக் கூப்பிடுவார்கள். செய்ய வேண்டியது இரண்டுதான்: நாம் வேலை செய்யும் நேரத்தைச் சொல்லிவிடுவது, அந்த நேரத்தில் அது ரீஸ்டார்ட் ஆகாது; போன் நெட்டென்றால் அளவுள்ள இணைப்பு என்று குறித்துவிடுவது. ஒன்றுக்கு மேற்பட்ட விண்டோஸ் இருந்தால் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதியால் ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளும், கேச்சர் மாதிரியே. விண்டோஸ் 11 முதல் தடவை ஆன் ஆகும்போதே அப்டேட் தேட ஆரம்பித்துவிடும், அதை ஹாட்ஸ்பாட்டில் வைத்துச் செய்யாதீர்கள், புது லேப்டாப் வாங்கிய கையோடு நெட் இருக்கும் ஊரிலேயே முடித்துக்கொண்டு மலை ஏறுங்கள். அப்புறம், 2024 ஜூலை 19 அன்று 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டம் நீலமாகி நின்றதைச் சொல்லி 'பார்த்தீர்களா, அப்டேட்டின் லட்சணம்' என்கிறவர்களுக்கு: அது விண்டோஸ் அப்டேட் அல்ல, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் தன் பாட்டுக்கு இறக்கிக்கொண்ட ஒரு ஃபைல். இன்ஸ்டாலில் எந்தப் பதில் கொடுத்திருந்தாலும் அது வந்திருக்கும்.

இப்போது பள்ளியில் ஒரு கூடுதல் ஏற்பாடு இருக்கிறது. பேக்கேஜ் பட்டியல் கடைசியாக எந்தத் தேதியில் இறங்கியது என்பதை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும் ஒரு ஐகானை 12 டெஸ்க்டாப்பிலும் வைத்திருக்கிறேன், நான்கு வரி ஸ்கிரிப்ட்தான். மாதத்தின் முதல் வேலை நாளில் டீச்சர் ஒவ்வொரு சிஸ்டமாகப் போய் அதை அமுக்கி, வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியைக் குறித்துக்கொள்வார். போன மாதம் போன் வந்தது.

“சார், எட்டாம் நம்பர்ல மட்டும் தேதி ரெண்டு வாரம் முன்னாடியே நிக்குது. மத்ததெல்லாம் நேத்து தேதி.”

“நெட் வருதா பாருங்க டீச்சர். பின்னாடி வயர் சொருகியிருக்கா?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. மேசை நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

“சொருகித்தான் இருக்கு சார். நடுவுல எலி கடிச்சிருக்கு.”